சமையலறையிலிருந்து குழந்தையை விரட்டாமல் சமைப்பது எப்படி

சாயங்காலம் ஐந்தரைக்கும் ஏழரைக்கும் நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் ரொம்பக் கஷ்டமான நேரம். குழந்தைக்குப் பசி, பாதித் தூக்கம், நாள் முழுக்க ஓடிய களைப்பு. நமக்கும் அதே பசி, அதே களைப்பு. அடுப்பில் ஏதோ கொதிக்கிறது, குழந்தை வந்து காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, "வெளியே போ, சுட்டுடும்" என்று பத்து முறை அனுப்பினால் பதினோராவது முறையும் வந்து நிற்கிறது. அது அடம் இல்லை. நாம் எங்கே இருக்கிறோமோ அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வயதின் இயல்பு.

நானும் விரட்டிக்கொண்டுதான் இருந்தேன். என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது இருக்கும்போது ஒரு நாள் அப்படி அனுப்பிவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவள் சாப்பாட்டு மேஜை விரிப்பின் நுனியைப் பிடித்து இழுக்க, நான் குடிக்க மறந்து வைத்திருந்த காப்பி அவள் தோளில் கொட்டிவிட்டது. போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது, ஆறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். தோல் சிவந்து கொப்புளம் வந்தது. காப்பியோ டீயோ போட்டுக் கால் மணி நேரம் கழித்தும் சின்னக் குழந்தையின் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கலாம், அவர்கள் தோல் நம்முடையதைவிட மெல்லியது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அதைவிட முக்கியமாக ஒன்று புரிந்தது: அவள் சுட்டுக்கொண்டது சமையலறையில் இல்லை. பத்திரம் என்று நினைத்து நான் அனுப்பிவைத்த இடத்தில், என் கண்ணில் படாத இடத்தில்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். சமையலறைக்குள்ளேயே அவளுக்கு ஓர் இடம், கையில் ஒரு வேலை. இப்போது அவளுக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்று. இருவரும் என்னோடுதான் சமையலறையில் இருக்கிறார்கள். அதை எப்படிச் செய்வது என்று, எங்கள் வீட்டில் சரிப்பட்டு வந்தபடி சொல்கிறேன்.

தரையில் ஒரு கோடு

வேலை கொடுப்பதற்கு முன்னால் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். அடுப்பிலிருந்து சுமார் 1 மீட்டர் தள்ளி, தரையில் பளிச்சென்று ஒரு வண்ண டேப் ஒட்டுங்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே குழந்தை வரக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். "அடுப்புப் பக்கம் வராதே" என்றால் பக்கம் என்பது எவ்வளவு தூரம் என்று மூன்று வயதுக்குத் தெரியாது. கோடு தெரியும். முதல் வாரம் காலை வைத்து வைத்துப் பார்க்கும், ஒவ்வொரு முறையும் கத்தாமல் தூக்கிக் கோட்டுக்கு வெளியே விடுங்கள், அடுத்த வாரம் அதுவே அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் கோட்டைக் காட்டிச் சட்டம் சொல்ல ஆரம்பித்துவிடும்.

கோடு மட்டும் போதாது. வாணலியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்பக்கம் திருப்பி வையுங்கள். கொதிக்கிற பாத்திரத்தை முடிந்தவரை பின்பக்க அடுப்பில் வையுங்கள். கெட்டிலின் வயர் மேடையிலிருந்து கீழே தொங்கக் கூடாது. மேஜை விரிப்பை எடுத்தே விடுங்கள், குழந்தைக்கு ஐந்து வயதாகும்வரை மேஜை அழகாக இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. சூடான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும் முன் "சூடு வருது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு நகருங்கள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் சூடான கோப்பை என்பது கூடவே கூடாது. இரண்டில் ஒன்றை இறக்கி வைத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

சிங்க்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள். குழாய் அடைப்பு நீக்குகிற பொடி, கழிவறை கழுவுகிற திரவம் இரண்டும் வாய் முதல் வயிறு வரை புண்ணாக்கிவிடும். அவற்றை மேல் அலமாரிக்கு மாற்றிப் பூட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், பாட்டிலைப் பார்த்தால் குழந்தைக்கு ஜூஸ் என்றுதான் தோன்றும். வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் மூடி போடுங்கள், இல்லையென்றால் கவிழ்த்து வையுங்கள். நடக்கப் பழகும் குழந்தைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்து உள்ளே விழுந்தால் தானாக எழ முடியாது, சில சென்டிமீட்டர் தண்ணீரே உயிருக்கு ஆபத்து, அதுவும் சத்தமே வராது.

யாரும் யோசிக்காத இன்னொன்று சமையலறையில் உட்கார்ந்திருக்கிறது: மாவு நிறுக்கிற சின்ன எடை மெஷின். அதில் பல வகைகளுக்கு நாணயம் போல் தட்டையான பட்டன் பேட்டரிதான் உள்ளே இருக்கும். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற டைமரிலும் இருக்கலாம். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள் திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். ஆரம்பத்தில் வெளியே ஒன்றுமே தெரியாமல்கூடப் போகலாம். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள், விரலால் தள்ளினாலே திறக்கிற மாதிரி இருந்தால் அந்த மெஷின் உயரத்துக்குப் போக வேண்டும். தீர்ந்துபோன பேட்டரியும் ஆபத்துதான், மேஜையில் உருட்டி விடாதீர்கள்.

குழந்தை நிற்க உயரம் வேண்டுமென்றால் நான்கு கால் ஸ்டூல் ஆடாமல் இருக்க வேண்டும், அடியில் ரப்பர் இருக்க வேண்டும், அதை அடுப்புக்கு எதிர்ப்பக்க மேடையில் போட வேண்டும். சின்னவனுக்கு நான் ஸ்டூலே கொடுப்பதில்லை. தரையில் ஒரு பெரிய துணி விரித்து அதன் மேல் தட்டையும் கிண்ணத்தையும் வைத்துவிடுவேன். தரையில் உட்கார்ந்திருக்கிற குழந்தை எங்கேயிருந்தும் விழப்போவதில்லை, சிந்தினால் துணியை அப்படியே சுருட்டி எடுத்துவிடலாம்.

எந்த வயதுக்கு என்ன வேலை

இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். விளையாட்டுச் சாமான் மாதிரி ஏதாவது கொடுத்து உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடும், ஏனென்றால் அது பொய் வேலை என்று குழந்தைக்குத் தெரியும். உண்மையான வேலை கொடுங்கள். அது செய்வது அன்றைய சாப்பாட்டில் போய்ச் சேர வேண்டும், சாப்பிடும்போது "இந்தக் கீரையைக் கிள்ளியது யார்?" என்று கேட்க வேண்டும்.

இரண்டு வயதில் கை நிறைய வேலை இருக்கிறது. கீரை இலையைக் கிள்ளிப் போடலாம், பட்டாணி உரிக்கலாம், வாழைப்பழம் மசிக்கலாம், வெங்காயத்தை ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு மாற்றலாம். ஒரு பாத்திரம் தண்ணீரில் உருளைக்கிழங்கைப் போட்டு ஒரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்துப் பாருங்கள், இருபது நிமிடம் தேய்க்கும். அதே உருளைக்கிழங்கை மூன்று முறை கழுவும், கழுவட்டும், முடிந்ததும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். ஒன்றே ஒன்று: பட்டாணி, பருப்பு மாதிரிச் சின்ன உருண்டைகளை வைத்து உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. வாயிலோ மூக்கிலோ போய்விடும். காகித டவல் சுற்றிவருகிற அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தையின் தொண்டையில் அடைக்கலாம் என்பது நல்ல கணக்கு.

நான்கைந்து வயதில் முட்டை உடைக்கலாம். முதல் பத்து முட்டையில் ஓடு விழும், தனிக் கிண்ணத்தில் உடைக்கச் சொல்லிவிட்டு ஓட்டைப் பொறுக்கினால் போதும். வேகவைத்து ஆறிய முட்டையை உரிக்கலாம், வெண்ணெய் தடவுகிற மழுங்கல் கத்தியால் வாழைப்பழம், வெந்த காய் போன்ற மெத்தென்ற பொருள்களை நறுக்கலாம், மாவு அளந்து போடலாம். பச்சை முட்டையையோ பச்சை மாவையோ தொட்டால் கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவ வேண்டும். முட்டையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் வேகாத கோதுமை மாவிலும் கிருமி இருக்கலாம். பிசைந்த மாவைக் கிள்ளி வாயில் போடுவதை அப்போதே நிறுத்துங்கள்.

ஆறேழு வயதில் உண்மையான கத்தி. பயமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் கத்தி பிடிக்கச் சொல்லித்தராத குழந்தை ஒருநாள் நாம் இல்லாதபோது தானே எடுக்கும், அதுதான் அதிக பயம். சின்னக் கையில் பிடிபடும் சின்னக் கத்தியாக இருக்கட்டும், கூர் இருக்கட்டும். மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், அப்போதுதான் வழுக்கி விரலில் இறங்குகிறது. பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் பலகை நகராது. பிடிக்க இரண்டு முறைகள் கற்றுக்கொடுங்கள். ஒன்று பாலம்: கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம், பாலத்துக்கு அடியில் கத்தி போக வேண்டும். இன்னொன்று பூனை நகம்: விரல் நுனிகளை உள்ளே மடக்கிக் காயைப் பிடித்துக்கொண்டு, முட்டி மட்டும் கத்திப் பக்கம் இருக்க வேண்டும். உருண்டையான காயை முதலில் நீங்கள் இரண்டாக வெட்டி, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் கொடுங்கள். உருளாத காய் பாதி ஆபத்தைக் குறைத்துவிடும். கத்தி கையில் இருக்கும்போது நடக்கக் கூடாது, விழுகிற கத்தியைப் பிடிக்கக் கூடாது, காலை நகர்த்திக்கொண்டு விழ விட வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் கத்திக்குப் பதில் ஒரு மரக்கரண்டியைக் கீழே போட்டுப் போட்டு விளையாட்டு மாதிரிப் பழக்கினேன்.

அடுப்பை எட்டு, ஒன்பது வயதுக்கு முன் யோசிக்க வேண்டாம், அப்போதும் பெரியவர் ஒருவர் கூடவே நின்றால்தான். வயதைவிடக் குழந்தையைப் பாருங்கள், ஒரு விஷயத்தில் ஐந்து நிமிடம் கவனம் நிற்காத குழந்தைக்கு இன்னும் ஒரு வருடம் போகட்டும்.

வேலை தீர்ந்து சமையல் தீராத நாள்களுக்கு, குழந்தை பிசைந்து உருட்டி விளையாட ஒரு கட்டி மாவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். 1 கப் மாவு, அரை கப் உப்பு, 1 தேக்கரண்டி எண்ணெய், 1 கப் தண்ணீர், எல்லாவற்றையும் கலந்து சின்னத் தீயில் திரண்டு வரும்வரை கிளறி, ஆறியதும் பிசைந்து மூடி வைத்தால் சில நாள் வரும். உப்பு நிறைய இருப்பதால் இதைத் தின்ன விடக் கூடாது. எல்லாவற்றையும் வாயில் வைக்கிற வயதுக்கு இது வேண்டாம், அவர்களுக்கு மூடியும் கிண்ணமும் போதும்.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிற மூன்று சாப்பாடு

வார நாளில் புதுமை வேண்டாம். மூன்று சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டு அதையே மாற்றி மாற்றிச் செய்தால் குழந்தைக்குத் தன் வேலை மனப்பாடம் ஆகிவிடும்.

முதலாவது, அவித்த உருளைக்கிழங்குத் தட்டு. கிழங்கைக் கழுவுவது சின்னவன். நான் வேகவைத்து ஆறவிட்டுப் பாதியாகப் பிளந்து ஆளுக்கு ஒரு தட்டில் வைத்துவிடுவேன். மேலே போட ஐந்தாறு கிண்ணம்: உரித்து நசுக்கிய முட்டை, தயிர், துருவிய சீஸ், வேகவைத்த பட்டாணி, பொடியாக நறுக்கிய வெள்ளரி. அவரவர் தட்டை அவரவரே அடுக்கிக்கொள்ள வேண்டும். எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று குழந்தையே தீர்மானிக்கிற சாப்பாட்டில் சண்டை வராது. முட்டை கெட்டியாக வேக, தண்ணீர் கொதித்த பிறகு 10 முதல் 12 நிமிடம். உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் ஓடு சுலபமாக வரும், அதை உரிக்கிற குழந்தைக்கும் பொறுமை போகாது.

இரண்டாவது, காய் ஆம்லெட். முட்டை உடைப்பது, அடிப்பது, காய் துருவுவது எல்லாம் பிள்ளைகள், அடுப்பு மட்டும் நான். கேரட்டைத் துருவும்போது கடைசித் துண்டை என்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி, விரல் முட்டி துருவியில் படுவது அந்தக் கடைசித் துண்டில்தான். ரொட்டியோடு வைத்தால் இருபது நிமிடத்தில் சாப்பாடு முடிந்தது.

மூன்றாவது, முந்தின நாள் சோற்றை முட்டையும் காயும் போட்டு வறுப்பது. இதில் சமையலைவிட முந்தின ராத்திரிதான் முக்கியம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்கிற கிருமியின் விதைகள் வேகும்போதும் சாவதில்லை. சோறு வெளியிலேயே கிடந்தால் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் மிச்சச் சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு 1 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள், மறுநாளே எடுத்து, உள்ளேயும் ஆவி பறக்கும்வரை சூடாக்கி, ஒரே முறை பரிமாறுங்கள். ராத்திரி முழுக்க வெளியே இருந்த சோறு நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

கோழி சமைக்கிற நாளில் பிள்ளைகளுக்குப் பச்சைக் கறிப் பக்கம் வேலை கிடையாது. பச்சைக் கோழியைக் குழாயில் கழுவவும் வேண்டாம், தெறிக்கிற தண்ணீரோடு கிருமியும் மேடை முழுக்கப் பரவுகிறது, நன்றாக வேகவைத்தால் அது தானே சாகும்.

தட்டில் வைக்கும்போது

உருண்டையாக, வழுவழுப்பாக, கெட்டியாக இருப்பதுதான் தொண்டையை அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், ஐந்து வயதுவரை. வட்டமாக வெட்டினால் பயனில்லை, அந்த வட்டம் மூச்சுக்குழாயை அப்படியே மூடும். முழுக் கடலை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். கடலை வெண்ணெயைக் கரண்டியோடு கொடுக்காமல் ரொட்டியில் மெல்லிசாகத் தடவுங்கள். பச்சைக் கேரட்டைத் துருவுங்கள், அல்லது விரலால் நசுங்கும்வரை வேகவையுங்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது, சமைத்த பண்டத்தில் கலந்திருந்தாலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் விதைகளைச் சமாளிக்க அந்த வயதுக் குடலுக்குத் தெரியாது. எது சாப்பிட்டாலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஓடிக்கொண்டு சாப்பிடுவதும் காரின் பின்சீட்டில் தனியாகச் சாப்பிடுவதும் கூடாது, திரும்பிப் பார்க்க முடியாத இடத்தில் அடைத்தால் நமக்குத் தெரியாது.

சாப்பிட மாட்டேன் என்கிற விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. என்ன, எப்போது, எங்கே என்பது நம் வேலை. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் வேலை. இரண்டு வயதிலிருந்து புது உணவைச் சந்தேகப்படுவது இயற்கை, ஒரு காயை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்க்க வேண்டியிருக்கலாம். அதனால் ஒரு ஸ்பூன் வையுங்கள், பேசாமல் இருங்கள். வாயில் திணிக்காதீர்கள். அழுகிற வாயில் திணிப்பதுதான் அடைப்புக்கும் வழி.

நடந்துவிட்டால்

சுட்டுக்கொண்டால், ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம். ஐந்து நிமிடத்தில் குழந்தை அழுகையை நிறுத்தினாலும் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். வளையல், மோதிரம், நனைந்த உடை இவற்றை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். உடம்பின் மற்ற பாகம் குளிர்ந்துபோகாமல் போர்த்திவிடுங்கள். முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலும், குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், கொப்புளம் வந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தொண்டையில் ஏதாவது போய் இருமுகிறது, சத்தம் வருகிறது என்றால் இரும விடுங்கள், அதுவே வெளியே தள்ளும். சத்தம் இல்லாமல் போனால்தான் அடைப்பு. இருமல் இல்லை, அழுகை இல்லை, முகம் மாறுகிறது. அப்போது ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லையென்றால் பின்னால் நின்று, தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் கையை முஷ்டியாக வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை இழுத்து அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குக் கீழே வயிற்றில் அழுத்தக் கூடாது, முன்கையில் குப்புறப் படுக்க வைத்துத் தலை தாழ்வாக இருக்கும்படி முதுகில் 5 தட்டு, பிறகு திருப்பி நெஞ்சு நடுவில் 5 அழுத்தம். இன்னொருவர் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போகும். குழந்தை நினைவிழந்தால் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி, வாய்வழி மூச்சு ஊதும் முதலுதவி. இதைப் படித்தால் போதாது, முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்துக் கையால் செய்து பழகுங்கள், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற தாத்தா பாட்டியையும் கூட்டிப் போங்கள்.

பேட்டரி விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனை, எக்ஸ்ரே. சுத்தம் செய்கிற திரவம் குடித்திருந்தாலும் உடனே கிளம்புங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உள்ளே போகும்போது புண்ணாக்கிய திரவம் வெளியே வரும்போதும் புண்ணாக்கும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, கை எட்டினால் அடுப்பை அணைத்து மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். அடங்கவில்லையென்றால் பிள்ளைகளோடு வெளியே வந்து தீயணைப்பைக் கூப்பிடுங்கள்.

எப்போது ஆரம்பிப்பது

வேலை நாள் சாயங்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள். லீவு நாள் காலையில், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அடுப்பை அணைத்துவிட்டு டேப்பை ஒட்டுங்கள். ஒட்டும்போது குழந்தையையும் கூட வைத்துக்கொண்டு, ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு நான்கு முட்டை அவித்து ஆறவைத்து, கோட்டுக்கு வெளியே துணி விரித்து உட்கார வைத்து உரிக்கக் கொடுங்கள். முதல் முட்டையில் பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போய்விடும். நீங்கள் வாங்கி உரிக்காதீர்கள். நான்காவது முட்டை ஓரளவு முழுசாக வரும், அதை அன்றைக்கு மத்தியானம் அதன் தட்டிலேயே வையுங்கள்.